அவர்களின் வேலையை அவர்களிடமே விடுங்கள்: திருகோணமலை முதியோர் இல்லங்களை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாக சபையினருக்கும், இல்லங்களில் இரவு பகலாக நிற்கும் பராமரிப்பாளர்களுக்கும், பார்வையிட வரும் உத்தியோகத்தர்களுக்கும் வணக்கம்.

நான் இந்த மாவட்டத்தில் வேலை செய்யும் ஓர் இயன்மருத்துவர் (பிசியோதெரப்பிஸ்ட்). முதியவர்கள் தங்கியிருக்கும் இல்லங்களுக்குப் போய்வருவதும் என் வேலையோடு சேர்ந்தது. கோயில் சபை நடத்தும் இல்லம், திருச்சபை நடத்தும் இல்லம், ஊரவர்களும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் காசு சேர்த்து நடத்தும் இல்லம் என்று பலவற்றைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் சாப்பாடு நேரத்துக்கு வருகிறது, துணி சுத்தமாக இருக்கிறது, மருந்து தவறுவதில்லை. இதற்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மாசி மாதம் வந்தால் அடுத்த மாதச் சம்பளத்துக்கு யாரிடம் கேட்பது என்று யோசிக்கும் பொருளாளர்மாரையும் தெரியும்.

அதனால் உங்களிடம் பெரிய கட்டடமோ இயந்திரமோ கேட்கவில்லை. இல்லத்தில் இருக்கிறவர்கள் இன்னும் தங்களால் செய்யக்கூடியதை அவர்களே செய்ய விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். எழும்புவது, நடப்பது, குளிப்பது, உடுப்பது, தங்கள் கோப்பையைத் தாங்களே கழுவுவது, கீரை ஆய்வது, முற்றம் கூட்டுவது. இவற்றை அன்பினால்தான் நாம் அவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறோம். அந்த அன்பு அவர்களின் கால்களைப் பறிக்கிறது.

ஓர் இல்லத்தின் காலை எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஆறு மணிக்குத் தேத்தண்ணி கட்டிலுக்கே வருகிறது. பிறகு ஒவ்வொருவராகக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, விறாந்தையில் சுவரோரமாக வரிசையாக இருத்துகிறார்கள். காலைச் சாப்பாடு மடிக்கு வருகிறது. பத்து மணிக்குத் தண்ணி வருகிறது. யாராவது எழும்பப் பார்த்தால், "எங்க போறீங்கள் ஆச்சி? இருங்கோ, விழுந்துடுவீங்கள். என்ன வேணுமெண்டு சொல்லுங்கோ, நாங்கள் எடுத்துத் தாறம்" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வருகிறது. ஆச்சி இருந்துவிடுகிறார். மத்தியானம்வரை அவர் கால் மடிந்து நிமிர்ந்தது எத்தனை தரம் என்று எண்ணினால் ஒரு கைவிரல் போதும்.

இருந்த இடத்தில் இருப்பதால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். 2007இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. சராசரியாக 67 வயதுள்ள, நோய் நொடி இல்லாத ஆட்களைப் பத்தே பத்து நாள் கட்டிலில் படுக்க வைத்தார்கள். நல்ல சாப்பாடு கொடுத்தார்கள். பத்து நாள் முடிய அவர்களுடைய கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. சுகதேகிகளுக்கே அப்படி. எண்பத்தைந்து வயதில், ஏற்கெனவே மெலிந்துபோன தொடையோடு, மாதக்கணக்கில் கதிரையில் இருக்கும் ஒருவருக்கு என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இல்லத்துக்கு வரும்போது பொல்லு ஊன்றி நடந்து வந்தவர், அடுத்த வருசம் இரண்டு பேர் தூக்கினால்தான் எழும்புகிறார். "வயசு போட்டுது" என்கிறோம். வயதின் பங்கு உண்டு. அதைவிடப் பெரிய பங்கு அந்தக் கதிரைக்கு உண்டு.

இந்த மனிதர்கள் யார் என்பதையும் ஒருதரம் நினைத்துப் பாருங்கள். 2006ஆம் ஆண்டு போரால் இடம்பெயர்ந்து மூதூர் கிழக்கிலிருந்து வெருகலைத் தாண்டி வாகரைக்கு நடந்து போனவர்கள் இன்று உங்கள் கட்டில்களில் இருக்கிறார்கள். அப்போது அவர்களில் பலருக்கு அறுபது வயது. தலையில் மூட்டை, கையில் பேரப்பிள்ளை. தம்பலகாமத்து வயலில் நாற்று நட்ட முதுகுகள், குச்சவெளிக் கரையில் வலை இழுத்த தோள்கள், கிண்ணியாவுக்குப் பாலம் வருமுன் தோணிக்கும் பாதைப் படகுக்கும் ஏறி இறங்கிய முழங்கால்கள். வாழ்நாள் முழுக்க உடம்பால் வேலை செய்த ஆட்களை நாம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, அதற்கு ஓய்வு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஓர் ஆளால் என்ன செய்ய ஏலும் என்பது ஒன்று, அவர் ஒரு நாளில் உண்மையில் என்ன செய்கிறார் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வீட்டில் வாழும் முதியவருக்குச் சிறியது. தனியாக இருக்கும் ஓர் அம்மா, முழங்கால் நோவோடாவது உலை வைக்கத்தான் வேண்டும். இல்லத்தில் அந்த இடைவெளி பெரிதாகிவிடுகிறது, ஏனென்றால் செய்யவேண்டிய தேவையே இல்லை. கொஞ்ச நாளில் உடம்பு அந்த அளவுக்கு இறங்கி வந்துவிடும். செய்யாததைச் செய்ய ஏலாததாக ஆக்கிவிடும்.

ஓர் இல்லத்தில் தம்பலகாமப் பக்கத்து ஆச்சி ஒருவர் இருந்தார். அவருடைய கோப்பில் "எல்லாவற்றுக்கும் முழு உதவி தேவை" என்று எழுதியிருந்தது. நான் எழும்பச் சொன்னபோது, "ஏலாது பிள்ளை, கால் விறைச்சுப் போச்சு" என்றுதான் சொன்னார். அன்றைக்குக் குசினிக்கு முருங்கையிலைக் கட்டு ஒன்று வந்திருந்தது. சமைக்கிற தங்கச்சி தனியாளாய் அல்லாடிக்கொண்டிருந்ததால், கட்டைக் கொண்டுவந்து ஆச்சிக்கு முன்னால் இருந்த வாங்கில் வைத்துவிட்டுப் போனாள். ஆச்சி முதலில் தொடவில்லை. பிறகு ஒரு கொப்பை இழுத்து மணந்து பார்த்தார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் காம்போடு ஓடி, இலை பிரிந்து மடியில் விழத் தொடங்கியது. பழுத்த இலை ஒரு பக்கம், நல்ல இலை ஒரு பக்கம். மடி நிறைந்ததும் சுற்றிப் பார்த்தார். "சுளகு எங்க?" என்றார். ஒருவருக்கும் கேட்கவில்லை. ஆச்சி வாங்கைப் பிடித்து எழும்பினார். சுவரைத் தொட்டுத் தொட்டுக் குசினி வாசல்வரை போய்ச் சுளகை எடுத்துக்கொண்டு வந்து இருந்தார். மிஞ்சிய கொப்புகளை வேலிக்கு அப்பால் நின்ற ஆட்டுக்குப் போட இன்னொரு தரம் எழும்பினார். நான் மூலையில் பார்த்துக்கொண்டு நின்றேன். "முழு உதவி தேவை" என்று எழுதிய ஆள் இரண்டு தரம் ஒருவர் கையும் படாமல் எழும்பி நடந்தார்.

அந்தக் கோப்பை எழுதியவர் பொய் எழுதவில்லை. ஆச்சிக்கு எழும்ப ஒரு காரணம் அதுவரை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

முதியவர்களின் அன்றாடச் செயல்களை அளப்பதற்கு மருத்துவ உலகம் இன்றும் பயன்படுத்தும் ஒரு பட்டியல், சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 1963இல் வெளியிட்டது. குளிப்பு, உடுப்பு, மலசலகூடம், கட்டிலிலிருந்தும் கதிரையிலிருந்தும் மாறுதல், சிறுநீர் மலக் கட்டுப்பாடு, சாப்பாடு என்று ஆறு செயல்கள். இவற்றில் முதலில் கைவிட்டுப் போவது பெரும்பாலும் குளிப்பு, கடைசிவரை மிஞ்சுவது சாப்பாடு என்று அவர்கள் கவனித்தார்கள். குளிப்புக்குத் தான் அதிகம் வேண்டும்: வழுக்கும் நிலத்தில் நிற்கும் சமநிலை, வாளியிலிருந்து அள்ளித் தலைக்குமேல் உயர்த்தும் தோள், குனிந்து கால் தேய்க்கும் இடுப்பு. நம் இல்லங்களில் ஆள் வந்து சேர்ந்த முதல் நாளே நாம் எடுத்துக்கொள்வது அந்தக் குளிப்பைத்தான். பன்னிரண்டு பேரைப் பத்து மணிக்குள் குளிப்பாட்டி முடிக்கவேண்டும் என்றால் வேறு வழியில்லை என்று பராமரிக்கும் பிள்ளைகள் சொல்கிறார்கள். அந்த நெருக்கடி உண்மைதான். ஆனால் பன்னிரண்டு பேரும் பத்து மணிக்குள் குளித்திருக்கவேண்டும் என்று சொன்னது யார்? பாதிப் பேர் பின்னேரம் குளிக்கட்டும். வெக்கையான கச்சான் காற்று வீசும் காலத்தில் திருகோணமலையில் பின்னேரக் குளிப்பை வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முதுகை மட்டும் பிள்ளைகள் தேய்த்துவிடட்டும். தண்ணியை ஆச்சியே அள்ளி ஊற்றட்டும். உறுதியான ஒரு கதிரை, சுவரில் இறுக்கிப் பூட்டிய ஒரு கைபிடிக் கம்பி, நிலத்தில் வழுக்காத விரிப்பு, பெரிய வாளிக்குப் பதிலாகச் சின்ன வாளி. செலவு இவ்வளவுதான்.

மலசலகூடத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். நடந்து போய் வரக்கூடிய ஒருவருக்கு, இரவில் எழுப்பத் தேவையில்லை என்பதற்காகப் பம்பஸ் கட்டாதீர்கள். இரவுக்கென்று தொடங்குவது பிறகு பகலுக்கும் வரும். அது வந்தபின் மலசலகூடம்வரை நடக்கும் நடையும் நின்றுபோகும். பல பேருக்கு நாள் முழுவதிலும் மிஞ்சியிருக்கும் ஒரே நடை அதுதான். கட்டிலுக்கும் மலசலகூடத்துக்கும் இடையில் இரவு முழுக்க எரியும் ஒரு சின்ன மின்விளக்கு பொருத்துங்கள். எழும்புமுன் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழும்பப் பழக்குங்கள். பிரசர் மருந்து குடிக்கிறவர்கள் திடீரென்று எழும்பினால் தலை சுற்றும். இரவில் விழுகிறவர்களில் பலர் அந்த முதல் எட்டிலேயே விழுகிறார்கள்.

பராமரிக்கும் பிள்ளைகளுக்கு என்று ஒன்று. கதிரையிலிருந்து ஆளை எழுப்பும்போது அக்குளுக்குள் கைவிட்டுத் தூக்காதீர்கள். உங்கள் முதுகும் போகும், அவர்களுடைய தோளும் போகும். முதலில் ஆளைக் கதிரையின் முன் ஓரத்துக்கு அரக்கி வரச் சொல்லுங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைக்கவேண்டும். அதில்தான் பாதி வேலை முடிகிறது. பிறகு முன்னால் குனியவேண்டும், மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை. பயத்தில் எல்லோரும் பின்பக்கம் சாய்கிறார்கள், அதனால்தான் எழும்ப முடிவதில்லை. குனிந்த நிலையில் இரண்டு கையாலும் கதிரைக் கையை அமத்தி, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று சொல்லிக்கொண்டு எழும்பட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று, இடுப்புப் பக்கம் கையை வைத்திருங்கள். தூக்கவேண்டாம். முதல் தரம் பாதியில் இருந்துவிடுவார்கள். மூச்சு வாங்கவிட்டு மறுபடி செய்யட்டும். இப்படி எழும்ப அரை நிமிடம் கூடுதலாகப் போகும். ஒரு மாதம் கழித்து அந்த அரை நிமிடம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும், ஏனென்றால் அவர்களை எழுப்ப இரண்டு பேர் தேவைப்படாது.

கதிரைகளையும் பாருங்கள். பதிவான, கை இல்லாத, இருந்தால் நடுப்பகுதி உள்ளே போகும் கதிரையிலிருந்து இளம் ஆட்களே உந்தித்தான் எழும்பவேண்டியிருக்கும். கையுள்ள, இருக்கை இறுக்கமான, பாதம் நிலத்தில் முழுதாகப் பதியும் அளவு உயரமுள்ள மரக் கதிரைகள் சிலவாவது இருக்கட்டும். அடுத்த தரம் யாராவது "என்ன வாங்கித் தரவேணும்?" என்று கேட்டால், இதைக் கேளுங்கள்.

இனி, இந்த வயதில் பயிற்சி செய்து என்ன வரப்போகிறது என்ற கேள்வி. நிர்வாக சபைக் கூட்டங்களில் இந்தக் கேள்வி என் முகத்துக்கு நேரேயே வந்திருக்கிறது. பதில் 1994இலேயே வந்துவிட்டது. பொஸ்டன் நகரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில், 72இலிருந்து 98 வயது வரையான 100 பேரை வைத்து மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் குழுவினரும் ஆய்வு செய்தார்கள். சராசரி வயது 87. பாரம் தூக்கிக் கால் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியைப் பத்து வாரம் செய்தவர்களின் தசை வலு இரண்டு மடங்குக்கும் மேலே போனது. நடை வேகமும் படி ஏறும் வலுவும் கூடின. அதே ஆய்வில் ஒரு பகுதியினருக்குப் பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் வலு கூடவில்லை. வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் சத்துமா டின் அனுப்பும் பிள்ளைகள் இதை இரண்டு தரம் வாசிக்கவேண்டும். சாப்பாடு வேண்டும், புரதம் கட்டாயம் வேண்டும். ஆனால் வேலை செய்யாத தசைக்கு டின் மட்டும் உதவாது.

விழுந்துவிடுவார்கள் என்ற பயம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது. "விழுந்து இடுப்பு முறிஞ்சா ஆர் பதில் சொல்லுறது?" என்று கேட்கும் மேற்பார்வையாளரின் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களை நான் தினம் பார்க்கிறேன். அந்த வலியும், அதற்குப் பிறகு வரும் படுக்கையும் எவ்வளவு கொடியது என்று எனக்குத் தெரியும். ஆனால் இருத்தி வைப்பதால் விழுதல் நின்றுவிடாது, தள்ளித்தான் போகும். தசை மெலிந்து, சமநிலை போனபின், ஒரு நாள் யாரும் பார்க்காத நேரம் தாங்களாகவே எழும்பி விழுவார்கள். அவுஸ்திரேலியாவில், ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்புகளில் 551 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2003இல் வெளிவந்தது. 62இலிருந்து 95 வயது வரை உள்ளவர்கள். ஒரு வருட காலம் கூட்டாகப் பயிற்சி செய்தவர்கள், செய்யாதவர்களைவிட 22 சதவீதம் குறைவாக விழுந்தார்கள். நகர்ந்தவர்கள்தான் குறைவாக விழுந்தார்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. அண்மையில் எலும்பு முறிந்தவர், இருந்த இடத்திலேயே மூச்சு வாங்குபவர், நெஞ்சு நோ உள்ளவர், காலில் ஆறாத புண் உள்ள நீரிழிவுக்காரர் ஆகியோரை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றவர்களோடு நாளைக் காலையே தொடங்கலாம்.

பயிற்சிக்கென்று தனியாக ஒரு மண்டபமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் 150 நிமிடமாவது மிதமாக உடம்பை அசைக்கவேண்டும், சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்யவேண்டும் என்பது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் கதிரையிலிருந்து ஐந்து தரம் எழும்பி இருக்கட்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிக்காலைத் தூக்கித் தூக்கி இறக்கட்டும். ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றப் பாதத்தை வைத்துப் பத்து எண்ணும்வரை நிற்கட்டும், பிடிக்க ஒரு மேசை பக்கத்தில் இருந்தால் போதும். கைக்கு, அரை லீற்றர்ப் போத்தலில் தண்ணீர். சாப்பாட்டை மடிக்குக் கொண்டுபோகாமல் ஒரு மேசையில் வையுங்கள். அந்த மேசைக்கு அவர்கள் நடந்து வரட்டும்.

ஆனால் நான் பயிற்சியைவிட வேலையையே அதிகம் நம்புகிறேன். கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்றால் இரண்டாம் வாரம் சலித்துவிடும். தேங்காய் துருவுவது சலிக்காது, ஏனென்றால் அது மத்தியானக் கறிக்குப் போகிறது. அரிசியில் கல் பொறுக்குவது, வெங்காயம் உரிப்பது, காய்ந்த துணியை மடிப்பது, பூவுக்குத் தண்ணி ஊற்றுவது, சாமிப்படத்துக்குப் பூ ஆய்ந்து மாலை கட்டுவது, கோழிக்குத் தீன் போடுவது எல்லாமே உடம்பை மடித்து நிமிர்த்தும் வேலைகள். வலை பொத்தத் தெரிந்த அப்புவிடம் பக்கத்து வாடியிலிருந்து ஒரு கிழிந்த வலையைக் கொண்டுவந்து கொடுத்துப் பாருங்கள். 1976இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மாடியில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு செடி கொடுத்து, அதைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு, இங்கே பல விடயங்களை நீங்களே தீர்மானிக்கலாம் என்றார்கள். இன்னொரு மாடியில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள், ஆனால் தாதிமார் தண்ணி ஊற்றுவார்கள் என்றார்கள். சில வாரங்களில் முதல் மாடிக்காரர்கள் கூடுதல் உற்சாகமாகவும் சுறுசுறுப்பாகவும் இருந்தார்கள். இரண்டு மாடியிலும் செடி இருந்தது. பொறுப்புத்தான் ஒரு மாடியில் மட்டும் இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். முதியவர்களைச் சம்பளமில்லாத வேலையாட்களாக்கும் உரிமை இல்லத்துக்கு இல்லை. ஆள் பற்றாக்குறையை ஆச்சிமாரைக் கொண்டு நிரப்புவது பாவம். விரும்பியவர் விரும்பியதை, விரும்பிய அளவு செய்யட்டும். "இண்டைக்கு வேண்டாம்" என்றால் அன்றைக்கு வேண்டாம்தான். வாழ்நாள் முழுக்க அடுப்படியில் வெந்த ஒரு அம்மாவுக்கு, இனி வெங்காயத்தைக் கண்ணாலும் பார்க்கமாட்டேன் என்று சொல்ல முழு உரிமை உண்டு. அவருக்கு நடை பிடிக்கலாம், கோலம் பிடிக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

வழிபாடும் உடம்பின் வேலைதான். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில், இல்லத்து வாசலில் நிறைகுடம் வைப்பதைப் பிள்ளைகள் செய்து முடித்துவிட்டு, முதியவர்களைக் கதிரையில் கொண்டுவந்து வைக்கிறார்கள். குடத்துக்குத் தண்ணி நிரப்புவதிலிருந்து மாவிலை செருகுவதுவரை அவர்களே செய்யட்டும், சுவாமி வரும்போது எழும்பி நிற்கட்டும். வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்பாள் கோயிலுக்குக் கூட்டிப்போனால் முச்சக்கரவண்டியை வாசலோடு நிறுத்தாமல் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். கோணேசர் கோயிலுக்கென்றால், பிரெட்ரிக் கோட்டைக்குள் சமதரையாக உள்ள நிழலில் இறக்கி, மான்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்சத் தூரம் நடக்கவிட்டுப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள முஸ்லிம் பெரியவர்களுக்குத் தொழுகையில் குனிவதும் சுஜூது செய்து எழும்புவதும் வாழ்நாள் பழக்கம். நிலத்தில் இறங்கி எழும்ப முடிந்தவர்களுக்கு அவசரப்பட்டுக் கதிரை கொடுக்கவேண்டாம். அவர்களே கேட்கும்போது கொடுங்கள். தேவாலயத்தில் முழந்தாளிடுபவர்களுக்கும் அப்படியே.

நடைக்கு நேரம் பார்க்கவேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது காலை எட்டு மணிக்கு மேல் வெளியே விடவேண்டாம். விடிந்த கையோடு, தண்ணி குடிக்கவைத்து விடுங்கள். மாரியில் முற்றம் சேறாகும்போது விறாந்தையின் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு நடக்கட்டும், ஈரத்தை உடனே துடைத்து வையுங்கள். தேய்ந்த பாட்டா செருப்போடு நடக்க விடாதீர்கள். பின்பக்கம் வார் உள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருதரம் அளந்து எழுதுங்கள். பிரசரும் சீனியும் எழுதுகிற அதே கொப்பியில் எழுதலாம். சுவரோடு சாய்த்து வைத்த, இருக்கை சுமார் 43 சென்ரிமீற்றர் உயரமான கதிரை ஒன்று, ஒரு மணிக்கூடு. இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடிக்குள் எத்தனை தரம் முழுதாக எழும்பி இருக்கிறார் என்று எண்ணுங்கள். அமெரிக்காவில் வழங்கும் அளவீட்டின்படி, 75 முதல் 79 வயது வரையான பெண்ணுக்கு 10க்குக் குறைந்தால், ஆணுக்கு 11க்குக் குறைந்தால் கால் வலு சராசரிக்குக் கீழே. நம் ஆட்களுக்கு அந்த எண் அப்படியே பொருந்தவேண்டும் என்றில்லை. தை மாதம் ஏழு தரம் எழும்பியவர் சித்திரையில் நாலு தரம்தான் எழும்புகிறார் என்றால், அதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். ஏன் குறைந்தது? மருந்து மாற்றினார்களா, காய்ச்சல் வந்து படுத்தாரா, அல்லது யாரோ தேத்தண்ணியைக் கட்டிலுக்குக் கொண்டுபோகத் தொடங்கினார்களா?

பார்வையிட வரும் உத்தியோகத்தர்களே, 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இல்லங்கள் பதிவு செய்யப்படுகின்றன. நீங்கள் வரும்போது கட்டில் எத்தனை, மலசலகூடம் எத்தனை, குசினி சுத்தமா என்று பார்க்கிறீர்கள். இனி அந்த எழும்பும் கொப்பியையும் கேளுங்கள். சுவரோரமாக இருக்கும் பத்துப் பேரில் எத்தனை பேர் உங்கள் முன்னால் தாங்களாகவே எழும்புகிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் கேட்பது தெரிந்தால் இல்லங்கள் தானாகவே கவனிக்கும்.

கனடாவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்கும் பிள்ளைகளே, இது உங்களுக்கும். அம்மா முற்றம் கூட்டுவதை வீடியோ அழைப்பில் கண்டுவிட்டு, "நாங்கள் காசு கட்டுறம், நீங்கள் அம்மாவை வேலை வாங்குறீங்களோ?" என்று மேற்பார்வையாளரோடு சண்டை பிடித்த மகனை எனக்குத் தெரியும். அடுத்த நாளிலிருந்து அந்த அம்மாவின் கையில் விளக்குமாறு இல்லை. மகனுக்கு அம்மாமேல் இருந்த பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அழைப்பால் நட்டப்பட்டது அம்மா. அழைக்கும்போது "சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா" என்பதோடு, "இண்டைக்கு என்னம்மா செய்தனீங்கள்?" என்றும் கேளுங்கள். அம்மா எழும்பி நடந்து காட்டும்படி கேளுங்கள். இல்லத்துக்குக் காசு அனுப்பும்போது, குளியலறைக் கைபிடிக்கும் நல்ல கதிரைக்கும் என்று குறிப்பிட்டு அனுப்புங்கள்.

நிர்வாக சபையினரிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள். குளியலறைக் கைபிடியை மாரி தொடங்குமுன் பூட்டுங்கள். பராமரிப்பாளர்களுக்கு, ஆட்களை எழுப்பும் முறையையும் எழும்பும் அளவீட்டையும் காட்டித்தர ஒரு சனிக்கிழமை காலை போதும். கூப்பிட்டால் எந்த இல்லமானாலும் வருவேன், கட்டணம் எதுவும் இல்லை. அன்றைக்குச் சமையலுக்கு வாங்கும் கீரையை மட்டும் ஆயாமல் வைத்திருங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து ஓர் இயன்மருத்துவர்